எடைக்குப் போடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் நினைவு தினம். போரில் உயிரிழந்த வீரர்களுக்கான நாள் என்றாலும், பல வீடுகளில் சமையல் அடுப்பங்கரையை விட்டுக் கொல்லைப்புறத்துக்கு இடம் மாறும் நாளும் அதுதான். அதற்குச் சில வாரங்கள் முன்பே ஹோம் டிப்போ, லோஸ், வால்மார்ட் கடைகளின் வாசலில் கேஸ் கிரில்கள் பளபளவென்று வரிசைகட்டி நிற்கும். அதே வாரங்களில் புறநகர்த் தெருக்களின் ஓரத்தில் வேறு சில கிரில்கள் குப்பை வண்டிக்காகக் காத்திருக்கும். மூடியில் பிசுக்கு, சக்கரத்தில் துரு, மேலே "இலவசம்" என்று எழுதிய ஓர் அட்டை.

கடை வாசலில் நிற்கும் 200 டாலர் கிரில்லை விட, தெருவோரத்தில் நிற்கும் 20 வயதுக் கிரில் சில சமயம் மேலான பொருள். சில சமயம்தான். பழையது எல்லாமே தரமானது, இப்போது வருவதெல்லாம் தகரம் என்ற புலம்பலுக்கு இங்கே இடமில்லை. பழசிலும் குப்பை உண்டு, புதுசிலும் நல்லது உண்டு. ஆனால் கிரில் வாங்கப் போகிறவர்கள் பார்க்கும் மூன்று விஷயங்கள், அதாவது விலைச்சீட்டு, பளபளப்பு, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வெப்ப அளவு, இவை மூன்றுமே அந்தப் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்வதில்லை. உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டு. நெருப்பைத் தாங்கும் பெட்டி எந்த உலோகம்? தேய்ந்து போகும் பாகங்கள் இன்னும் பத்து ஆண்டு கழித்தும் விற்பனைக்குக் கிடைக்குமா?

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் டொராண்டோவிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. மசாலா தடவிய கோழியும் மக்காச்சோளமும் பன்னீரும் ஏறும் அந்தக் கிரில், பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த பெற்றோர் பலருக்கும் பழக்கமானதுதான். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி விளக்கம்: நான்கு கால் வண்டியின் மேல் மூடி போட்ட உலோகப் பெட்டி, அதன் அடியில் குழாய் வடிவ பர்னர்கள், பர்னர்களுக்கு மேல் கூரை போல மடித்த தகடுகள், அதற்கும் மேல் இறைச்சி வேகும் கம்பித் தட்டு, பக்கத்தில் ஒரு சிலிண்டர். நம் வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். அங்கே கிரில்லுக்குப் பயன்படும் சிலிண்டரின் கொள்ளளவு 20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ. உள்ளே இருப்பது புரோபேன்.

கேஸ் கிரில் 1960களின் பிள்ளை. வீடுகளில் எரிவாயு விற்பனையைப் பெருக்க வழி தேடிய கேஸ் கம்பெனிகள் அதன் வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். அர்க்கன்சாஸ் லூசியானா கேஸ் கம்பெனி அவற்றில் ஒன்று. அந்தக் காலக் கிரில்களில் பர்னருக்கு மேல் எரிமலைக் கற்களைப் பரப்பியிருப்பார்கள். கற்கள் சூட்டைப் பிடித்து வைத்து மேலே அனுப்பும். கூடவே இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பையும் குடித்து வைக்கும். நாலு ஞாயிறு போனால் கொழுப்பு ஊறிய கல் திடீரென்று தீப்பிடிக்கும், கோழியின் தோல் கரியாகும். வீட்டுக்காரர் தண்ணீர்ப் புட்டியோடு காவல் நிற்பார்.

இதை மாற்றியது சிகாகோவைச் சேர்ந்த வெபர் நிறுவனம். வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952-ல் அங்கே செய்துகொண்டிருந்த மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதியைக் கரி அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் குண்டுக் கரி அடுப்பு அப்படித்தான் பிறந்தது. அதே நிறுவனம் 1985-ல் ஜெனிசிஸ் என்ற கேஸ் கிரில்லைக் கொண்டுவந்தது. எரிமலைக் கல்லைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பர்னரின் மேலும் ஓடு வேய்ந்தது போலச் சரிவான உலோகத் தகடுகளை வைத்தார்கள். சொட்டும் கொழுப்பில் ஒரு பகுதி தகட்டில் பட்டுப் புகையாகி மணம் தரும்; மீதி சரிந்து கீழே தட்டில் விழும். இன்று விற்கும் கேஸ் கிரில்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டின் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன.

ஆக, அடிப்படை வேலைமுறையில் 1985-க்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய கிரில் என்றாலே காலாவதியானது என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஜெனிசிஸின் அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது, காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே இருப்பதைக் காத்துக்கொள்ளும். மழை, பனி, கொழுப்பு, உப்பு மசாலா எல்லாவற்றோடும் முப்பது ஆண்டு கிடந்தாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கும். 200 டாலர் கிரில்லின் அடிப்பெட்டியோ பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு, மேலே பீங்கான் பூச்சு. பூச்சு நல்லதுதான், அது முழுசாக இருக்கும் வரை. திருகு போட்ட துளையிலும் மடித்த விளிம்பிலும் பூச்சு தெறிக்கும். தெறித்த இடத்தில் ஈரமும் உப்பும் சேரும். சில கோடைகள் போனபின் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும். மற்ற எது கெட்டாலும் மாற்றிவிடலாம். அடிப்பெட்டி ஓட்டையானால் கிரில்லின் கதை முடிந்தது. கிரில்லின் உயிர் பெட்டியில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பர்னர், அதன் மேலுள்ள தகடு, கம்பித் தட்டு, ரப்பர் குழாய், தீமூட்டும் பொத்தான் ஆகியவை அப்படி அல்ல. அவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் எந்தத் தகடும் சில ஆண்டுகளில் அரிக்கும். பர்னர் குழாயின் துளைகள் துருவேறிப் பெரிதாகி, சுடர் ஓரிடத்தில் நீலமாகவும் ஓரிடத்தில் மஞ்சளாகவும் எரியும். இதைப் பார்த்து "கிரில் போச்சு" என்று தெருவில் தள்ளுகிறவர்கள், டயர் தேய்ந்த காரைக் காயலான் கடைக்கு அனுப்புகிறவர்கள்.

வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டு போவது நல்லது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே அப்படியே உதவும். 304 என்ற ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். பொதுவாகக் காந்தம் ஒட்டாது. 430 என்ற ரகத்தில் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் நிக்கல் இல்லை. காந்தம் சட்டென்று ஒட்டும். விலை குறைவு, துருவை எதிர்க்கும் திறனும் குறைவு. இரண்டுமே வரையறைப்படி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். கடற்கரை ஊரில் இரண்டு மழைக்காலம் போனால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடும் பி.டி.யு. என்ற வெப்ப அலகுக் கணக்கு. மலிவுக் கிரில்களில் இந்த எண் 50,000, 60,000 என்று எகிறும். அது மணிக்கு எவ்வளவு எரிவாயுவைக் குடிக்கும் என்ற கணக்கே தவிர, இறைச்சிக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதல்ல. தகடு மெல்லியதாக, மூடி பொருந்தாமல், பின்பக்கம் இடைவெளி விட்டுச் செய்த பெட்டியில் பாதிச் சூடு காற்றோடு போகும். 2000களின் தொடக்கத்தில் விற்ற ஜெனிசிஸ் சில்வர் பி மாடலின் மூன்று பர்னர்களும் சேர்ந்து 36,000 பி.டி.யு. 2017-ல் வந்த ஜெனிசிஸ் டூ வரிசையின் மூன்று பர்னர் மாடலில் அது 37,500. பதினைந்து ஆண்டு இடைவெளியில், ஒரே நிறுவனம், கூடுதலாகச் சேர்த்தது 1,500 மட்டும். நல்ல பெட்டிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை என்பதுதான் காரணம்.

சிலிண்டர் கணக்கும் இதையே சொல்லும். ஒரு பவுண்டு புரோபேனில் சுமார் 21,500 பி.டி.யு. இருக்கிறது. 20 பவுண்டு நிரப்பினால் 4,30,000. 36,000 குடிக்கும் கிரில் முழுச் சுடரில் சுமார் 12 மணி நேரம் ஓடும். 60,000 குடிப்பது 7 மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதிலும் கடை வாசலில் காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்குகிறவர்களுக்கு 20 பவுண்டு கிடைப்பதில்லை. அந்தத் தொழிலின் இரு பெரும் நிறுவனங்களான புளூ ரைனோவும் அமெரிகேஸும் 2008-ல் சிலிண்டருக்குள் நிரப்பும் அளவை 17 பவுண்டிலிருந்து 15-ஆகக் குறைத்தன, விலையைக் குறைக்கவில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு சில்லறைக் கடைகளைப் பணியவைத்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-ல் நடவடிக்கை எடுத்தது. எரிவாயு நிரப்பும் நிலையத்துக்கே சிலிண்டரைத் தூக்கிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழசின் பக்கம் இவ்வளவு பேசியாயிற்று. பழசில் எது ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு சன்பீம் கதை போதும்.

சன்பீம் ஒரு காலத்தில் அமெரிக்காவின் முன்னணி கிரில் பெயர்களில் ஒன்று. 1996-ல் ஆல் டன்லப் அதன் தலைமைக்கு வந்தார். போகிற கம்பெனியில் எல்லாம் ஆட்களை வெட்டித் தள்ளியதால் "செயின்சா ஆல்" என்று பெயரெடுத்தவர். 1997-ன் பிற்பகுதியில், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், சன்பீம் கிரில் விற்பனை திடீரென்று கூடியது. யார் அந்தப் பனியில் கிரில் வாங்கினார்கள்? யாரும் வாங்கவில்லை. அடுத்த கோடைக்கான கிரில்களைக் கடைகளுக்குத் தள்ளுபடியில் "விற்று", பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, சரக்கைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டு, கணக்கில் மட்டும் அந்த ஆண்டே லாபம் காட்டியிருந்தார்கள். அடுத்த கோடையில் விற்க ஒன்றும் மிஞ்சவில்லை. 1998 ஜூனில் டன்லப் வெளியேற்றப்பட்டார். 2001 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கில் டன்லப் 2002-ல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டி, இனி எந்தப் பொதுப்பங்கு நிறுவனத்திலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கணக்குப் புத்தக மோசடிக்கும் கொல்லைப்புற அடுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு கிரில்லின் ஆயுள், அதைச் செய்த கம்பெனியின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலச் சன்பீம் கிரில் ஒன்றை இன்று யாராவது சும்மா கொடுத்தாலும், அதற்கு அச்சாகப் பொருந்தும் பர்னர் தேடுவதற்குள் ஒரு கோடை முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுவான பர்னரை வளைத்து நெளித்துப் பொருத்தலாம். ஆனால் எரிவாயுவில் "ஏறக்குறைய பொருந்துகிறது" என்ற சமாதானம் கூடாது. பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் கிரில்களுக்கும் இதே கதிதான். செய்து கொடுக்கும் தொழிற்சாலை மாறும், மாடல் எண் மாறும், மூன்றாவது ஆண்டு பாகம் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரிலிருக்கும் எம்பயர் கம்ஃபர்ட் சிஸ்டம்ஸ் விற்கும் பிராயில்மாஸ்டர். கனத்த வார்ப்பு அலுமினியத் தலை, வில்முடிச்சு வடிவ பர்னர். விளம்பரம் குறைவு, தோற்றத்தில் ஒரு கவர்ச்சியும் கிடையாது, பல பத்தாண்டு பழைய மாடல்களுக்கும் பாகம் கிடைக்கும். வெபரிலும் அப்படியே. 22.5 அங்குல நீளமுள்ள ஒரே தகடு ஜெனிசிஸ் 1000 முதல் சில்வர் பி, சில்வர் சி வரை பல மாடல்களுக்குப் பொருந்தும் என்பது தற்செயலாக அமைந்ததல்ல. பத்திருபது ஆண்டு ஒரே அளவை மாற்றாமல் வைத்திருப்பது ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளருக்குச் செய்யும் பெரிய மரியாதை. கனடாவில் இருப்பவர்களுக்கு ஒன்டாரியோவின் பேரி நகர நெப்போலியனும் வாட்டர்லூவின் பிராயில் கிங்கும் அருகிலேயே பாகம் கிடைக்கும் பெயர்கள்.

இனிக் கணக்கு. நல்ல நிலையில் உள்ள பழைய ஜெனிசிஸ் கைமாற்று விற்பனையில் சுமார் 100 டாலருக்குள் கிடைக்கிறது. வீடு காலி செய்கிறவர் என்றால் இன்னும் குறையும். பர்னர்கள், தகடுகள், கம்பித் தட்டு, குழாயோடு சேர்ந்த ரெகுலேட்டர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 200 முதல் 250 டாலர். மொத்தம் 350 என்று வையுங்கள். அதற்குப் பின் பத்து ஆண்டு பெரிய செலவில்லை. 200 டாலர் புதுக் கிரில், திறந்த வெளியில் மழை பனி பட்டுக் கிடந்தால் பெரும்பாலும் நாலைந்து ஆண்டில் அடிப்பெட்டி போய்விடும். அதே காலத்துக்குள் இரண்டு, மூன்று வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பழையதை அப்புறப்படுத்தும் வேலை வேறு. புது ஜெனிசிஸ் சுமார் 1,000 டாலர். அதுவும் வார்ப்பு அலுமினியப் பெட்டிதான், நீண்ட உத்தரவாதம் உண்டு, ஏமாற்றில்லை. ஆனால் 350-க்குக் கிடைக்கும் சமையலுக்கும் 1,000-க்குக் கிடைக்கும் சமையலுக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியாது.

இந்தக் கணக்கில் விட்டுப்போன ஒரு செலவு உழைப்பு. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கையுறை மாட்டிக்கொண்டு பிசுக்கைச் சுரண்ட வேண்டும். அந்த வேலை பிடிக்காதவருக்கு, அல்லது வாரம் அறுபது மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு, 350 டாலர் கிரில் மலிவே அல்ல. பழைய பொருளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சுரண்டத் தயாராக இருப்பவர் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். பெயின்ட் உரிவது போலக் கறுப்புச் சில்லுகள் தொங்கினால் பலர் முகம் சுளித்து விலகுவார்கள். அது பெயின்ட் அல்ல, ஆண்டுக்கணக்கில் படிந்த கொழுப்புப் புகைக் கரி. பிளாஸ்டிக் சுரண்டியால் தேய்த்தால் போய்விடும். விலை பேசுகிறவருக்கு அது நல்ல ஆயுதம். பிறகு அடிப்பெட்டியின் ஓரங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். கொழுப்பில் பெருந்தீ பிடித்திருந்தால் அலுமினியம் வளைந்திருக்கும், சில சமயம் உருகி ஓட்டை விழுந்திருக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வார்ப்புக் கலவை அதற்கும் முன்பே. அப்படிப்பட்டதை இலவசமாகவும் வாங்க வேண்டாம். மூன்றாவது, பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். பழைய ஜெனிசிஸ்களில் முதலில் போவது இதுதான். சக்கரத்துக்கு மேலே குழாய் சேரும் இடத்தை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொத்தலா, உறுதியா என்று சத்தமே சொல்லும்.

"சூடே ஏறமாட்டேன் என்கிறது" என்ற காரணத்தைச் சொல்லி விற்கப்படும் கிரில் பல நேரம் அதிர்ஷ்டச் சீட்டு. 1990களின் நடுவிலிருந்து வரும் சிலிண்டர் இணைப்பில், குழாய் அறுந்தால் வாயுவை மட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. பர்னர் குமிழைத் திறந்து வைத்துவிட்டுச் சிலிண்டரைத் திறந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அது வாயுவைச் சுருக்கிவிடும். சுடர் சோகையாக எரியும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றிச் சற்று விட்டு மறுபடி மாட்டி, முதலில் சிலிண்டரை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல கிரில்லைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இன்னொரு காரணம் சிலந்தி. பர்னர் குழாயின் வாய்க்குள் வலை பின்னிவிட்டால் வாயுவும் காற்றும் கலக்காமல் சுடர் பின்னோக்கித் திரும்பும். இது சோம்பலில் விடக்கூடிய விஷயமல்ல, ஆபத்து. குழாயின் வாயை நீளத் தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் முதல் தீயை மூட்ட வேண்டும்.

சிலிண்டரைப் பொறுத்தவரை விதி தெளிவு. அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் சாதனம் இல்லாத சிறு சிலிண்டரை 2002 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் நிரப்பக் கூடாது. அந்தச் சாதனம் உள்ளவற்றின் திருகு முக்கோண வடிவில் இருக்கும். வட்டத் திருகு உள்ள சிலிண்டரோடு கிரில் வந்தால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கிரில்லை வைத்துக்கொள்ளலாம். ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதாக மாற்றிவிட வேண்டும். இருபத்தைந்து முப்பது டாலரில் கஞ்சத்தனம் வேண்டாம். மாட்டிய பின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நம் வீட்டில் கேஸ்காரர் செய்வதுதான். இயற்கை எரிவாயுக் குழாய்க்காகச் செய்த கிரில்லைப் புரோபேனுக்கு மாற்றுவது மட்டும் வீட்டு வேலை அல்ல. வாயு பாயும் துளையின் அளவே வேறு, மாற்றுக்கான பாகத்தைத் தயாரிப்பாளரே தராவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது.

கம்பித் தூரிகையும் வேண்டாம். கிரில்லைச் சுத்தம் செய்யும் தூரிகையின் கம்பி உதிர்ந்து, உணவோடு தொண்டையிலும் குடலிலும் குத்திய ஆறு நோயாளிகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் 2012-ல் அறிக்கை வெளியிட்டது. அனைவரும் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் சிகிச்சை பெற்றவர்கள். யாரோ பத்தாண்டு தேய்த்த பழைய தட்டில் எத்தனை கம்பித் துணுக்கு ஒட்டியிருக்கிறதோ! தட்டைப் புதிதாக மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதியவற்றுக்குச் சாதகமாகவும் உண்மைகள் உண்டு. பழைய ஜெனிசிஸில் குமிழ்கள் வலப்பக்கப் பலகையில் இருந்தன. 2011-ல் முன்பக்கத்துக்கு வந்தன. சமைக்கிறவருக்கு அது நிச்சயம் வசதி, பலகையும் பொருள் வைக்கக் காலியாகிறது. 2021-ல் ஜூன் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கிய வெபர், கைபேசியில் வெப்பநிலையைக் காட்டும் ஸ்மார்ட் கிரில்களையும் கொண்டுவந்தது. இறைச்சி வெந்துவிட்டது என்று கைபேசி சொல்வது சுகம்தான். ஆனால் இங்கே ஒரு பொருத்தமின்மை தெரிகிறது. வார்ப்பு அலுமினியப் பெட்டி முப்பது ஆண்டு நிற்கும். அதோடு பேசும் செயலி அத்தனை காலம் புதுப்பிக்கப்படும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கம்பெனிகளின் நிலையோ பங்குச்சந்தையைப் போல ஏறி இறங்குகிறது. கொரோனாக் காலத்தில் வீட்டில் முடங்கிய அமெரிக்கர்கள் கிரில்லை வாங்கிக் குவித்தார்கள். அந்தச் சூட்டிலேயே 2021 ஆகஸ்டில் வெபர் ஒரு பங்கு 14 டாலர் என்று சந்தைக்கு வந்தது. வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்ததும் விற்பனை சரிந்தது. 2023 பிப்ரவரியில் பெரும்பங்குதாரர் 8.05 டாலருக்கு மீதிப் பங்குகளை வாங்கிச் சந்தையை விட்டே வெளியே கொண்டுபோனார். கொரோனாக் காலத்தில் ஆசையாய் வாங்கி அரைக் கோடையில் அலுத்துப்போனவர்களின் கிரில்கள், அதிகம் தேயாமலே, கைமாற்றுச் சந்தைக்கு வந்தன. பழசுக்கும் புதுசுக்கும் நடுவே உள்ள இந்த ரகத்தைத்தான், சுரண்டும் வேலை பிடிக்காதவர்கள் முதலில் தேட வேண்டும்.

எவ்வளவு தேடியும் பழசு அமையவில்லை, கையில் இருப்பது 250 டாலர்தான் என்றால்? அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்து செப்டம்பரில் கடைகள் இடத்தைக் காலி செய்யும் வரை பொறுத்து, நடுத்தர ரகத்தைத் தள்ளுபடியில் பிடிக்கலாம். வாங்குமுன் அந்த மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் உதிரிபாகப் பட்டியலில் தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். பர்னர் தனியாக விற்பனைக்கு இல்லையென்றால் அந்த வண்டியை நகர்த்திவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

கடைசியாக, வாடகை வீட்டில் இருப்பவர்கள். வேலை விசாவில் வந்து இரண்டு ஆண்டுக்கொரு முறை ஊர் மாறும் இளம் குடும்பங்களுக்கு இந்த வண்டிக் கிரில்லே பொருந்தாது, புதுசோ பழசோ. வீடு மாற்றித் தரும் கம்பெனிகள் புரோபேன் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டார்கள். பல மாநிலங்கள் பின்பற்றும் தீ விதித்தொகுப்பு, அடுக்குமாடியின் மரப் பால்கனியில் 20 பவுண்டு சிலிண்டரோடு சமைப்பதை அனுமதிப்பதில்லை. ஒரு பவுண்டு டப்பாவில் ஓடும் சிறிய கிரில்லுக்கு மட்டும் பெரும்பாலும் இடம் உண்டு, அதையும் குடியிருப்பு நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெபர் கியூ வரிசையின் சிறிய மாடல் அந்த ரகம். பெட்டியும் மூடியும் வார்ப்பு அலுமினியம், பர்னர் ஒன்றே ஒன்று, கார் டிக்கியில் அடங்கும். வாடகை வீட்டுக்காரர்கள் ஊர் மாறும்போது விட்டுப் போவதால், பழையது அடிக்கடி விற்பனைக்கு வருகிறது.